பற்றரியைக் குளிர வைக்க அலுமினியமா, பிளாஸ்ரிக்கா?

மின்சாரக் காரின் பற்றரிக்கு அடியில் கூலன்ட் (குளிர வைக்கும் திரவம்) ஓடும் தட்டைப் பெரும்பாலும் அலுமினியத்தில்தான் செய்கிறார்கள். பிளாஸ்ரிக் தட்டு என்றதும் நம் ஆட்கள் சிரிப்பார்கள். யாழ்ப்பாணத்துக்கு அது அப்படிச் சிரிக்கிற விஷயம் இல்லை.

வெப்பக் கடத்தலில் அலுமினியம் பிளாஸ்ரிக்கைவிட ஏறத்தாழ ஆயிரம் மடங்கு மேல். ஆனால் சுவரின் தடிப்பையும் பார்க்க வேண்டும். 0.2 மில்லிமீற்றர் பிளாஸ்ரிக் சுவரில் சதுர மீற்றருக்கு 1,000 வாட் வெப்பம் கடந்தால், இரு பக்கத்துக்கும் வித்தியாசம் சுமார் 1 பாகை செல்சியஸ்தான். பற்றரிக்குள் இருக்கும் கலத்துக்கும் தட்டுக்கும் இடையே ஒரு மில்லிமீற்றர் தடிப்பில் பூசும், வெப்பம் கடத்தும் பசையே அரைப் பாகை எடுத்துவிடும். அது அலுமினியத் தட்டுக்கும் உண்டு. வேகச் சார்ஜில் வெப்பம் பத்து மடங்கானால் கதை வேறு: பிளாஸ்ரிக் சுவரில் மட்டும் 10 பாகை. அங்கே அலுமினியம்தான்.

அப்புறம் தண்ணீர். குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல். கேத்தலின் அடியில் படியும் வெள்ளையைப் பார்த்தாலே தெரியும். கரையோரக் கிணறுகளில் உப்பும் சேரும். கூலன்ட் குறைந்தால் கிணற்று நீரை ஊற்றும் பழக்கம் இருக்கும்வரை, அந்த உப்பு அலுமினியத்தைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். பிளாஸ்ரிக் அரிக்காது. ஆனாலும் சுண்ணாம்பு அதன் குறுகிய வழிகளையும் அடைக்கும். ஆகவே எந்தத் தட்டுக்கும் கிணற்று நீர் கூடவே கூடாது.

பிளாஸ்ரிக் மின்சாரத்தையும் கடத்தாது. 350, 400 வோல்ற் பற்றரிக்குப் பக்கத்தில் இது பெரிய நிம்மதி. எடையும் குறைவு.

நம் தெருக்களில் ஓடும் பழைய நிசான் லீஃப் மின்சாரக் காரில் இந்த இரண்டு தட்டுமே இல்லை. அதன் பற்றரியைக் கூலன்ட் குளிர்த்துவதில்லை. ஒழுகும் பயமில்லை, சரி. ஆனால் ஏறிய சூடு நம் வெயிலில் இலகுவில் இறங்காது, பற்றரியின் ஆயுளும் குறையும்.

பருத்தித்துறைக்குப் போய்வந்து இரவில் வீட்டில் மெதுவாகச் சார்ஜ் போடுபவருக்கு நான் பிளாஸ்ரிக்கையே சொல்வேன். ஏ9 வழியே கொழும்புக்கு ஹயர் ஓடி, வழியில் வேகச் சார்ஜ் போடுபவருக்கு அலுமினியம்.

ஒன்று மட்டும் என்னை உறுத்துகிறது. அலுமினியத்தில் ஓட்டை விழுந்தால் சில வேளை ஆர்கன் வெல்டிங்கில் அடைத்துவிடலாம். பிளாஸ்ரிக் தட்டு பொருத்தில் விட்டால் முழுதாக மாற்றத்தான் வேண்டும். அந்தத் தட்டு தனியாகக் கிடைக்குமா, அல்லது பற்றரிப் பெட்டியையே மாற்றச் சொல்வார்களா என்பதை வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.