தஜீன், தஞ்சியா, பிரஷர் குக்கர்: மொராக்கோ இறைச்சிச் சமையலில் எதற்கு எது?

மொராக்கோவில் இறைச்சியைப் பஞ்சுபோல வேகவைக்கக் கூம்பு மூடி போட்ட தஜீன் சட்டி, மராக்கேஷ் நகரத்துக்கே உரிய தஞ்சியா ஜாடி, பிரஷர் குக்கர் என மூன்று பாத்திரங்கள் புழக்கத்தில் உள்ளன. மூன்றிலும் கறி வெந்துவிடும். குழம்பு எப்படி வருகிறது என்பதில்தான் வேறுபாடு.

தஜீனைப் பற்றிப் பேசுவோர், நீராவி கூம்பின் உட்புறத்தில் குளிர்ந்து மீண்டும் சட்டிக்குள் வழிவதையே பெரிதாகச் சொல்வார்கள். கனமான மூடியுள்ள எந்தப் பாத்திரத்திலும் அது நடக்கும் என்பதால், அதன் சிறப்பு மூடியைவிட அடிச்சட்டியில்தான் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. மஜ்மர் எனப்படும் கரியடுப்பின் தணலில் அமர்ந்திருக்கும் மண், சூட்டை மெதுவாகவே உள்ளே விடுவதால், கோழியும் ஊறுகாய் எலுமிச்சையும் ஆலிவும் சேரும் தஜீனில் அடியில் பரப்பிய வெங்காயம் தீயாமல் கரைகிறது. சட்டி அகலமாகவும் ஆழமின்றியும் இருப்பதால், மூடியைச் சற்று விலக்கினாலே குழம்பு சுண்டி எண்ணெய் பிரிகிறது. ரொட்டியால் தொட்டுண்ணும் உணவுக்கு இந்தப் பதம் அவசியம்.

மண்ணுக்குரிய தொல்லைகளும் உண்டு. பூச்சில்லாத புதுச் சட்டியை ஓர் இரவு நீரில் ஊறவைத்து, எண்ணெய் தடவி, இளஞ்சூட்டில் பழக்க வேண்டும். எரிவாயு அடுப்பில் சூட்டைப் பரப்பும் தகடு வைக்காமல் ஏற்றினால் விரிசல் விடக்கூடும். பளபளக்கும் வண்ணச் சட்டிகள் சிலவற்றின் பூச்சில் ஈயம் இருக்கலாம், எலுமிச்சையின் புளிப்பு அதை உணவில் கரைக்கும் என்பதால், அவற்றைப் பரிமாறுவதற்குக்கூடப் பயன்படுத்தாமல் அழகுக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

தஞ்சியாவுக்கு அடுப்பே வேண்டாம். காலிறைச்சி, பூண்டு, சீரகம், குங்குமப்பூ, ஊறுகாய் எலுமிச்சை, ஸ்மென் எனும் முதிர்ந்த வெண்ணெய் ஆகியவற்றைக் கழுத்து ஒடுங்கிய ஜாடியில் திணித்து, வாயைக் காகிதத்தால் மூடி நூலால் கட்டி, ஹம்மாம் எனும் பொதுக் குளியலகத்துக்கு வெந்நீர் காய்ச்சும் உலையின் சாம்பலில் பல மணி நேரம் புதைத்து வைப்பார்கள். சமையலறைப் பக்கம் போகாத கடைத்தெருக் கைவினைஞர்களின் உணவாக அது பெயர்பெற்றதில் வியப்பில்லை. தசைநார் நிறைந்த கறிக்கு இதை மிஞ்ச ஒன்றில்லை; நார் மெல்ல இளகிக் குழம்பில் கலந்து உதட்டில் ஒட்டும். ஆனால் கட்டிய பிறகு உப்புப் பார்க்கவோ குழம்பைச் சுண்டவைக்கவோ வழியில்லை. வீட்டு அவனில் வைத்தால் கறி வேகுமே தவிர, அந்தச் சாம்பல் வாசம் வராது.

குக்கரைக் குறைத்துப் பேசுவது வெளியூர்ச் சமையல் ஆர்வலர்களின் வழக்கம். மொராக்கோ வீடுகளிலோ வேலை நாட்களில் அதுதான் கைகொடுக்கிறது. அழுத்தத்தால் உள்ளே வெப்பம் ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸை எட்டுவதால், முற்றிய ஆட்டுக்கறிகூட ஒரு மணி நேரத்துக்குள் வெந்துவிடும். நீர் வற்றாததால் குழம்பு ஓடுவதும், உடன் போட்ட கேரட் குழைவதும் அதன் குறைகள். எனவே உலர் பிளம் சேர்த்த ஆட்டுக்கறிக்கு, முக்கால் பதம் வரை குக்கரில் வேகவிட்டு, பழத்தைச் சேர்த்துத் தஜீனுக்கு மாற்றி, சாறு தேன்போல இறுகும்வரை சுண்டவைத்து, வறுத்த பாதாமைத் தூவிப் பரிமாறுவதையே நான் பரிந்துரைப்பேன்.