ஜாக்கெட் குண்டும் பாரலில் ஒட்டும் செம்பும்: நீண்ட நாள் அனுபவம்

50 மீட்டரில் .22 ரைஃபிள் (0.22 அங்குலக் குண்டு) சுடும் நண்பர் ஒருவர் 300 மீட்டருக்கு மாற யோசிக்கிறார். "வெறும் ஈயக் குண்டிலிருந்து ஜாக்கெட் குண்டுக்கு வந்தா என்னங்க மாறும்?" என்று கேட்டார். ஜாக்கெட் என்றால் ஈயத்தின் மேல் போட்ட செம்பு உறை. உதை, சத்தம், காற்றுக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதெல்லாம் யாரும் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். எனக்குச் சொல்ல இருப்பது பாரலுக்குள், அதாவது துப்பாக்கிக் குழலுக்குள், நடக்கும் சங்கதி.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். போட்டிக்கென்று செய்த குண்டு ஒன்றையும், சாதாரண முழு ஜாக்கெட் குண்டு ஒன்றையும் எடுத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். முழு ஜாக்கெட்டில் செம்பு உறை மூக்குப் பக்கம் மூடியிருக்கும். ஈயத்தைப் பின்னாலிருந்து அடைத்து, உறையின் விளிம்பை உள்ளே மடித்திருப்பார்கள். மடிப்புக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஈயம் தெரியும். போட்டிக் குண்டில் எல்லாமே நேர்மாறு. உறை அடியில் மூடியிருக்கும், ஈயம் முன்னாலிருந்து போகும், கடைசியில் மூக்கைக் குவித்து நுனியில் ஊசித் துளை அளவு விட்டுவிடுவார்கள். அந்தத் துளையின் ஓரம் கொஞ்சம் கோணலாக இருந்தால்கூடப் பெரிய பாதகமில்லை. அடிவிளிம்பு கோணக் கூடாது. குண்டு பாரல் வாயைத் தாண்டும் கணத்தில் பின்னாலிருக்கும் வாயு அந்த விளிம்பைச் சுற்றிப் பீறிடும். ஒரு பக்கம் மழுங்கியிருந்தால் அங்கே முந்திக்கொண்டு குண்டைச் சாய்த்துவிடும்.

உறையின் கனமும் அப்படித்தான். குண்டைச் சுழற்றவென்று உள்ளே 25.4 செ.மீ.க்கு ஒரு சுற்றாகத் திருகுப் பள்ளம் வெட்டிய பாரலிலிருந்து நொடிக்கு 850 மீட்டரில் கிளம்பும் குண்டு, நொடிக்கு 3,300 முறைக்கு மேல் சுழல்கிறது. நிமிடக் கணக்கில் இரண்டு லட்சம். உறை ஒரு பக்கம் துளி தடித்திருந்தால் எடையின் மையம் விலகும், அந்தச் சுழற்சியில் அது குண்டைத் தடம் மாற்றிவிடும். நல்ல போட்டிக் குண்டில் இந்தக் கோளாறு அநேகமாக இருப்பதே இல்லை. 300 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டம் வெறும் 10 செ.மீ. அதற்குள் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் ஓட்டைகள் விழுவதைப் பார்த்தால், இதைச் செய்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றும். இத்தனை காலத்தில் எனக்கு அந்த மதிப்பு குறையவில்லை.

சரி, இனி என் ஆத்திரம்.

.22 போட்டித் தோட்டாவில் குண்டு ஒலியைவிட மெதுவாக, நொடிக்கு 325 மீட்டர் வாக்கில் போகிறது. மெழுகோ கொழுப்போ பூசிய ஈயம் அதற்குத் தாங்கும். 1880-களின் நடுவில் புகையில்லா வெடிமருந்து வந்து வேகம் ஏறியபோது வெறும் ஈயத்தால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. பள்ளத்தைப் பற்றிச் சுழலாமல் உரிந்து பாரலில் அப்பிக்கொண்டது. அதற்குச் சற்று முன்பே, 1882-இல், சுவிட்சர்லாந்தின் எட்வார்ட் ரூபின் செம்பு உறை போட்ட குண்டைச் செய்திருந்தார். ஈயம் அப்புவது அதோடு ஒழிந்தது. அதன் இடத்தில் செம்பு வந்து உட்கார்ந்தது.

சுட்டு முடித்ததும் ரைஃபிளைக் காலி செய்து, டார்ச்சை வாய்ப்பக்கம் சாய்த்துப் பிடித்தால் பள்ளங்களுக்கு நடுவிலுள்ள மேடுகள் மேல் செந்நிறக் கீற்று தெரியும். வெறும் எண்ணெய்த் துணி அதைத் தொடாது. அம்மோனியா கலந்த கரைசலில் துணியை நனைத்து உள்ளே விட்டு, கொஞ்ச நேரம் ஊறவைத்து, புதுத் துணியைத் தள்ளினால் மயில்துத்தம் கரைத்த மாதிரி நீலமாக வெளியே வரும். இன்னொன்று விட்டால் அதுவும் நீலம். அப்புறம் கறுப்பு வரும், அது மருந்துக் கரி. கரி போனதும் திரும்ப நீலம். செம்பின் மேல் கரி, கரியின் மேல் செம்பு என்று அடுக்கடுக்காகப் படிகிறது. ஒன்றைக் கரைக்கும் கரைசல் மற்றதை அசைக்காது. கூட்டாளிகள் துப்பாக்கியை உறையில் போட்டு வீட்டுக்குப் போன பிறகும் நான் ஜன்னலைத் திறந்துவைத்து அந்த நெடியோடு உட்கார்ந்திருப்பேன். .22-இல் இந்த வேலையே கிடையாது.

இதில் ஓர் ஏமாற்று வேறு இருக்கிறது, புதிதாக வருபவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். துணியைத் தள்ளும் கம்பியின் முனை பித்தளையாக இருந்தால், வெண்கல பிரஷ் போட்டால், கரைசல் அதிலிருக்கும் செம்பையும் தின்னும். பாரல் சுத்தமாகிவிட்ட பிறகும் துணி நீலமாகவே வரும். நைலான் பிரஷும் நிக்கல் பூசிய முனையும் வாங்கிக்கொள்ளுங்கள். பிளீச்சைப் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள், அம்மோனியாவோடு கலந்தால் விஷ வாயு.

இவ்வளவும் செய்து பாரலைப் பளபளவென்று ஆக்கினால், அடுத்த நாள் முதல் சில குண்டுகள் வேறெங்கோ போகும். கொஞ்சம் செம்பும் கரியும் திரும்பப் படிந்த பிறகுதான் குரூப், அதாவது இலக்கில் விழும் ஓட்டைகளின் கூட்டம், ஒழுங்குக்கு வரும். ஆக, முழுசாக எடுத்தாலும் தொல்லை, விட்டுவைத்தாலும் தொல்லை. எந்த அளவில் நிறுத்துவது என்பது பாரலுக்குப் பாரல் வேறு.

நியாயமாகப் பார்த்தால் பழியெல்லாம் குண்டின் மேல் இல்லை. உள்ளே சொரசொரப்பான பாரல் செம்பைச் சுரண்டி எடுக்கும். கையால் மெருகேற்றிய பாரலில் படிவு வெகு குறைவு. முந்தைய தலைமுறை பட்ட பாட்டையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அப்போது உறை செம்பு-நிக்கல் கலவை. அது கட்டி கட்டியாக ஒட்டும். 1921-இல் அமெரிக்க தேசியப் போட்டிக்கு, படிவைத் தடுக்கவென்று தகரம் பூசிய குண்டு கொடுத்துப் பார்த்தார்கள். தகரம் தோட்டாக் கூட்டின் கழுத்தோடு பற்றவைத்தாற்போல் இறுகி, வேறோர் ஆபத்தைக் கொண்டுவந்தது. அதன் பிறகுதான் செம்போடு ஐந்து முதல் பத்து சதவீதம் துத்தநாகம் சேர்த்த இன்றைய உறை நிலைபெற்றது. அந்த வகையில் நாம் கொடுத்துவைத்தவர்கள்தான்.

ஆனாலும் இன்றைக்குக் கேட்டால் என் தீர்ப்பு, மாறாதீர்கள். ஈயத்திலேயே இருங்கள். துல்லியத்துக்கு நான் மேலே சொன்ன எதையும் திரும்பப் பெறவில்லை. அதற்கு ஈடாக எடுத்துக்கொள்ளும் மாலை நேரங்கள் அதிகம்.

என் கோபத்துக்கு உடனடிக் காரணம், சமீபத்தில் வாங்கிய வேறொரு கம்பெனியின் குண்டு. அதே எடை, அதே வடிவம், அதே பாரல், குரூப்பிலும் குறையில்லை. செம்பு மட்டும் பழையதைவிட ஏகத்துக்கும் படிகிறது. உறையின் கலவை வேறாக இருக்குமோ என்று பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எடை, விட்டம், லாட் எண் எல்லாம் அச்சிட்டிருக்கிறார்கள். உறையில் செம்பு எவ்வளவு, துத்தநாகம் எவ்வளவு என்று ஒரு வரி கிடையாது. பாரலை உரசிக்கொண்டு போவது அந்த உறைதான். அதைப் பெட்டி மேல் போடுங்கள் என்று எழுதிக் கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.