மைக்ரோவேவில் சூடாக்கும் மணிப் பட்டை: ஷோக்ரன் கண் உலர்வுக்கு வாங்கலாமா?

மணிப் பட்டை என்பது உள்ளே சிறு சிலிக்கா மணிகள் நிரப்பி, மூடிய கண்மேல் கட்டும் சூட்டுப் பட்டை. வாங்கலாம், இமை எண்ணெய்க்காக மட்டும். கண்ணீர் ஊறும் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான். ஷோக்ரன் நோயில் உடலின் எதிர்ப்பாற்றலே கண்ணீர்ச் சுரப்பியைத் தாக்குகிறது. அங்கே குறைந்த நீரை எந்தச் சூடும் திருப்பித் தராது. ஆனால் பலருக்கு இமை விளிம்பில் இருக்கும் மெய்போமியன் சுரப்பிகளும் கூடவே அடைபடுகின்றன. அவற்றின் எண்ணெய்தான் கண்ணீர்ப் படலத்தின் மேல் படர்ந்து, அது ஆவியாகாமல் காப்பது. அந்த எண்ணெய் இல்லையென்றால், இருக்கிற கொஞ்ச நீரும் ஜோகன்னஸ்பர்க்கின் வறண்ட ஜூலைக் குளிர்காற்றில் சடுதியில் வற்றிவிடும்.

அடைத்த எண்ணெய் குளிரில் உறைந்த நெய் மாதிரி. அது இளக, இமை சுமார் 40 டிகிரி செல்சியஸில் 5 முதல் 10 நிமிடம் இருக்க வேண்டும். வெந்நீரில் நனைத்த துணி இரண்டு நிமிடத்துக்குள் ஆறிவிடுகிறது. மணிப் பட்டை ஜெயிப்பது இந்த இடத்தில்தான்.

சூடாக்குவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அட்டையில் போட்டிருக்கும் நேரம், பெரும்பாலும் 20 நொடியை ஒட்டி, எல்லா அடுப்புக்கும் பொருந்தாது. 1000 வாட் அடுப்பென்றால் குறைத்தே தொடங்குங்கள். எடுத்ததும் குலுக்கி மணிகளைப் பரப்புங்கள். இல்லாவிட்டால் ஒரு மூலை மட்டும் சுடும். மணிக்கட்டின் உட்புறம் தாங்காத சூட்டை இமை தாங்காது. சிலிக்கா மணிகள் காற்றிலிருந்து ஈரம் இழுத்து, சூட்டில் அதை வெளிவிடுபவை. அடுத்தடுத்துச் சூடாக்கினால் வறண்ட சூடுதான் கிடைக்கும். சில மணி நேரம் திறந்து வையுங்கள். கடலோர டர்பன் நகரின் புழுக்கத்தில் ஈரம் சீக்கிரம் ஏறும், ஜோகன்னஸ்பர்க் இருக்கும் ஹைவெல்ட் மேட்டுநிலத்தின் குளிர்காலத்தில் தாமதமாகும்.

லென்ஸைக் கழற்றிவிட்டே பட்டையைக் கட்டுங்கள். எடுத்தவுடன், சூடு ஆறுவதற்குள், மேல் இமையை மேலிருந்து கீழாகவும், கீழ் இமையைக் கீழிருந்து மேலாகவும், இமைமயிர் விளிம்பை நோக்கி மெல்ல நீவுங்கள். இதை விட்டால் இளகிய எண்ணெய் உள்ளேயே திரும்பக் கெட்டிப்படும். கண்விழியை அழுத்தக் கூடாது. சூட்டில் கருவிழியை அமுக்கினால் பார்வை மங்கலாம். பிறகு விளிம்பைத் துடைத்து, கடைசியாகச் சொட்டு மருந்து. நாளுக்கு நான்கு முறைக்கு மேல் விடுபவர்கள் பென்சால்கோனியம் குளோரைடு என்ற பதப்படுத்தும் பொருள் சேராத சொட்டு மருந்தாகப் பார்த்து வாங்க வேண்டும்.

கருவிழியில் புண், கண்ணில் தொற்று, இமையில் உணர்ச்சிக் குறைவு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே வேண்டாம். மின்வெட்டு அடிக்கடி வரும் பகுதியில் பவர் பேங்கில் ஓடும் யுஎஸ்பி பட்டை வசதி. ஆனால் மூக்கோரம் சரியாக ஒட்டாவிட்டால் சூடு சீராக ஏறாது. எதை எடுத்தாலும், கழற்றித் துவைக்கும் உறை இல்லாததை விட்டுவிடுங்கள்.