திட்டமா, வெள்ளோட்டமா?

இருபத்திரண்டு வயதில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பத்தாண்டுத் திட்டம் எழுதினேன். கோடு போட்டு, கட்டம் கட்டி, கட்டத்துக்கு ஒரு பதவி. முதல் மூன்று கட்டங்கள் ஏறக்குறைய எழுதியபடியே நடந்தன. நான்காவதில் எழுதியிருந்த பதவிக்கு நான் தகுதி பெற்றபோது, அந்தத் துறையில் அப்படி ஒரு பதவியே இல்லை. தொழிலை முன்கூட்டியே திட்டமிட்டுத் தேர்வதா, வெள்ளோட்டம் விட்டு, அதாவது சிறிதாக முயன்று பார்த்துத் தேர்வதா? ஆகவே இந்த வழக்கில் நான் நடுவர் அல்ல, வெள்ளோட்டத்தின் பக்கம் சாய்ந்தவன். ஆனாலும் திட்டக் கட்சியின் வாதம் லேசானது அல்ல. அதை முதலில் கேட்போம்.

தொழிலைத் திட்டமிட்டுத் தேர்ந்தெடுக்கலாம் என்ற எண்ணத்துக்கு ஒரு முறை வகுத்துக் கொடுத்தவர் ஃபிராங்க் பார்சன்ஸ். 1908இல் பாஸ்டனில் இளைஞர்களுக்கு வேலை பற்றி ஆலோசனை சொல்ல ஓர் அலுவலகம் தொடங்கினார். அதே ஆண்டு இறந்தும் போனார். அவர் சொன்ன வழி மூன்று படிகள் கொண்டது: உன்னை அறிந்துகொள், வேலைகளை அறிந்துகொள், இரண்டையும் நிதானமாகப் பொருத்திப் பார். நூறாண்டு கடந்தும், பள்ளிகளில் நடத்தும் திறனறித் தேர்வுகளின் அடியில் இருப்பது இதே கணக்குத்தான்.

இந்த வழி கச்சிதமாகப் பொருந்தும் துறைகள் உண்டு. அறுவை மருத்துவம், விமானம் ஓட்டுதல், நீதித் துறை போன்றவற்றில் கதவுகள் வரிசையாக இருக்கும். முதல் கதவைத் தாண்டாதவர் இரண்டாவதைத் தட்ட முடியாது. சிலவற்றுக்கு வயது வரம்பும் உண்டு. வார இறுதியில் கொஞ்சம் அறுவை சிகிச்சை செய்து பார்க்கிறேன் என்று யாரும் கிளம்ப முடியாது. வயலின் கச்சேரி மேடையைக் குறிவைப்பவர் முப்பதில் தொடங்கினால் விரல்கள் ஒத்துழைப்பது கடினம். இங்கெல்லாம் எண்ணித் துணிவதே சரி. திட்டத்துக்கு இன்னொரு பலனும் உண்டு, அதை அதிகம் பேர் சொல்வதில்லை: வேண்டாம் என்று சொல்ல அது ஒரு காரணம் தருகிறது. திட்டம் இல்லாதவருக்கு வருகிற வாய்ப்பெல்லாம் நல்ல வாய்ப்பாகவே தெரியும்.

பார்சன்ஸின் முதல் இரண்டு படிகளில்தான் கால் வழுக்குகிறது. 'உன்னை அறிந்துகொள்' என்கிறார். எந்த வயது உன்னை? 2013இல் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வெளியானது. பதினெட்டு முதல் அறுபத்தெட்டு வயது வரையிலான பத்தொன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம், கடந்த பத்தாண்டில் எவ்வளவு மாறினீர்கள், வரும் பத்தாண்டில் எவ்வளவு மாறுவீர்கள் என்ற கேள்விகளை வைத்துச் செய்தது. எல்லா வயதினரிடமும் ஒரே போக்கு: இதுவரை நிறைய மாறிவிட்டேன், இனி அவ்வளவாக மாறமாட்டேன். இருபதில் இருப்பவரும் அப்படியே நினைக்கிறார், ஐம்பதில் இருப்பவரும் அப்படியே நினைக்கிறார். பத்தாண்டுத் திட்டம் போடுகிறவர், இன்னும் அறிமுகமே ஆகாத ஒருவருக்காக வேலை தேடிக்கொண்டிருக்கிறார்.

இரண்டாவது படி இதைவிட மோசம். வேலையின் பெயர் வெளியே தெரியும். உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரியாது. எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி கட்டட வடிவமைப்பாளராக வேண்டும் என்று பள்ளி நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். பல ஆண்டுப் படிப்பில் சேர்வதற்கு முன், அத்தகைய அலுவலகம் ஒன்றில் மூன்று நாள் சும்மா உட்கார்ந்து பார்க்க அனுமதி வாங்கினாள். முதல் நாள் முழுவதும் அங்கே யாரும் கட்டடம் எதையும் வரையவில்லை. ஒரு கதவின் கீல் இடப்பக்கமா வலப்பக்கமா என்று தொலைபேசியில் அரைமணி நேரப் பேச்சு. கட்டுமான இடத்தில் ஒரு படிக்கட்டு வரைபடத்தைவிட இரண்டு சென்டிமீட்டர் உயர்ந்துவிட்டது. இடிப்பதா, மற்ற படிகளில் சமன் செய்வதா என்று மாலை வரை சண்டை. அவளோடு வந்திருந்த இன்னொரு மாணவன் மறுநாள் வரவில்லை. இவளோ அந்தப் படிக்கட்டைப் பார்க்கக் கட்டுமான இடத்துக்கே கூடப் போய்விட்டாள். தனக்குப் பிடித்தது வரைவது அல்ல, கட்டுவது என்று மூன்றாம் நாள் தெரிந்தது. இப்போது அவள் செய்வது கட்டுமான மேற்பார்வை. அவள் கேட்டுப் போன கேள்வி ஒன்று, கிடைத்த விடை வேறு ஒன்றுக்கு. எந்தத் திறனறித் தேர்விலும் அந்தக் கேள்வியே இருந்திருக்காது.

வெள்ளோட்டக் கட்சியின் பலம் இதுதான். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். சரி, ஆழத்தை எப்படித் தெரிந்துகொள்வது? கரையில் உட்கார்ந்து யோசித்தா? ஒரு காலை வைத்துப் பார்க்கலாம். இரண்டையும் ஒன்றாக விடுவதுதான் ஆபத்து.

இதற்கு வழக்கமாகக் காட்டும் சாட்சி சார்லஸ் டார்வின். 1825இல் மருத்துவம் படிக்க எடின்பரோ போனார். மயக்க மருந்து இல்லாத காலம். அறுவை சிகிச்சையைப் பார்க்கச் சகிக்காமல் பாதியில் வெளியேறினார், பிறகு படிப்பையும் விட்டார். அடுத்து, பாதிரியாராவதற்காகக் கேம்பிரிட்ஜ். அங்கே வண்டு சேகரிப்பதில்தான் அவருக்கு வெறி. 1831இல் பீகிள் கப்பலில் ஏறினார். இரண்டாண்டுப் பயணம் என்று நினைத்தது ஏறக்குறைய ஐந்தாண்டாக நீண்டது. அழகான கதைதான். ஆனால் இதைச் சொல்பவர்கள் ஒரு விவரத்தை விழுங்கிவிடுகிறார்கள்: இத்தனைக்கும் செலவு செய்தவர் வசதியான மருத்துவரான அவருடைய அப்பா. வீட்டில் தன் வருமானத்தை நம்பி நாலு பேர் இருக்கும் ஒருவரிடம் போய் 'துணிந்து விட்டுவிடு, முயன்று பார்' என்று மேடையில் முழங்குவது எனக்குக் கோபத்தையே தருகிறது. அவருக்கு ஏற்ற வெள்ளோட்டம் சிறியதாகத்தான் இருக்க முடியும்: இருக்கிற வேலையிலேயே வேறு பிரிவின் பணி ஒன்றைக் கேட்டு வாங்குவது, மாலை நேரத்தில் ஒரு சிறு பொறுப்பு, அந்தத் துறையில் இருப்பவரோடு ஒரு நாள். சிறியது என்பதால் குறைந்தது அல்ல. மேலே சொன்ன பெண்ணுக்கு ஆனது மூன்று நாள்.

துணிவைப் பற்றி ஒரு வேடிக்கையான ஆய்வும் உண்டு. பொருளியலாளர் ஸ்டீவன் லெவிட், முடிவெடுக்க முடியாமல் தவித்தவர்களை இணையத்தில் நாணயம் சுண்டிப் பார்க்கச் சொன்னார். வேலையை விடுவது போன்ற பெரிய விஷயங்களில், 'மாறு' என்று விழுந்தவர்கள் உண்மையிலேயே கூடுதலாக மாறினார்கள். ஆறு மாதம் கழித்து மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருப்பதாகவும் சொன்னார்கள். நாணயத்தைச் சுண்டும் அளவுக்கு ஏற்கெனவே ஊசலாடியவர்கள் இவர்கள் என்பதை மறக்கக் கூடாது. வேலையில் நிறைவாக இருப்பவருக்கு இந்த முடிவு எதையும் சொல்வதில்லை.

திட்டம், வெள்ளோட்டம் இரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஒன்று, வெள்ளோட்டத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிறது: ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். எதையோ முயன்றுகொண்டே இருப்பது, ஆனால் எதிலிருந்தும் விடை வராதபடி பார்த்துக்கொள்வது. வின்சென்ட் வான் கோவை இந்தக் கூட்டத்தில் சேர்க்கத் தோன்றும்: ஓவிய வணிகம், ஆசிரியப் பணி, புத்தகக் கடை, கடைசியில் பெல்ஜிய நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் மதபோதகர். 1880இல், இருபத்தேழு வயதில்தான் ஓவியராவதென்று முடிவு செய்தார். ஆனால் போதகராக இருந்தபோது தன் உடைமைகளைக் கொடுத்துவிட்டுக் குடிசையில் வாழும் அளவுக்கு அவர் போனார். அந்த மிகையான தீவிரம் பிடிக்காமல்தான் திருச்சபையினர் பணியை நீட்டிக்கவில்லை. அவர் அரைகுறையாக எதையும் செய்யவில்லை. அதனால் ஒவ்வொன்றும் தெளிவாகத் தோற்றது. மிதந்துகொண்டிருப்பவருக்கு அந்தத் தெளிவான தோல்விகூடக் கிடைப்பதில்லை.

திட்டக் கட்சியில் எனக்குப் பிடித்தவர் நார்வே நாட்டுப் பயணி ரோல் ஆமுண்ட்சன். துருவப் பயணம் என்று இளம் வயதிலேயே முடிவு செய்து, குளிர்காலத்தில் ஜன்னலைத் திறந்துவைத்துத் தூங்கிப் பழகியவர். குறி வைத்ததோ வட துருவம். அதை அடைந்துவிட்டதாக வேறு இருவர் அறிவித்த செய்தி 1909இல் வந்தது. கப்பலைத் தெற்கே திருப்பினார்; 1911 டிசம்பர் 14இல் தென் துருவத்தில் நின்றார். நாய்கள், பனிச்சறுக்குப் பலகைகள், தோலாடை, எல்லாம் அப்படியே பயன்பட்டன. கட்டத்தில் எழுதிய பெயர் மட்டும் மாறியது.

கணிதத்தில், எது அதிகம் தரும் என்று தெரியாத பல சூதாட்ட இயந்திரங்களை எந்த வரிசையில் இழுப்பது என்றொரு பழைய கணக்கு உண்டு. நேரம் நிறைய மிச்சமிருக்கும்போது புதியதை இழுத்துப் பார்ப்பது லாபம். நேரம் குறையக் குறைய, நன்றாகத் தரும் இயந்திரத்தோடு நிற்பது லாபம். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். இருபதில் கட்டம் கட்டுகிறோம், நாற்பத்தைந்தில் மூச்சு முட்டி எல்லாவற்றையும் உதற நினைக்கிறோம்.

அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் இருக்கிறது. பின்பக்கத்திலிருந்து எழுதிவருகிறேன். ஒரு வெள்ளோட்டத்துக்கு மூன்றே வரிகள்: எதைத் தெரிந்துகொள்ளப் பார்க்கிறேன், எவ்வளவு பணம் போனால் நிறுத்துவேன், கடைசித் தேதி எது. ஆறு முடிந்துவிட்டன, நான்குக்கு 'வேண்டாம்' என்று எதிரே எழுதியிருக்கிறேன். ஏழாவதற்குத் தேதி அடுத்த மாதம் முடிகிறது. அதன் எதிரே இன்னும் வெற்றிடம்.