முடி அணி செய்யத் தையல் சாமான்: எலாஸ்டிக், ரிப்பன், கிளிப், பசை – எதை வாங்கலாம்?

கையால் செய்த ஸ்க்ரஞ்சியும் (துணி சுருக்கிய முடி வளையம்) போ கிளிப்பும் (வண்ணத்துப்பூச்சி போல முடிந்த ரிப்பன் வைத்தது) சீக்கிரம் வீணாவது பெரும்பாலும் மேலே தெரியும் துணியால் அல்ல. உள்ளே இருக்கும் எலாஸ்டிக் தளரும், அல்லது கிளிப்பை விட்டு அலங்காரம் கழன்று வரும். அதனால் லைனிங், ஃபால்ஸ், ஹூக், பாபின் விற்கும் தையல் சாமான் கடையில் இந்த வேலைக்கு வாங்கும்போது, கண்ணைக் கவரும் லேஸுக்கும் பட்டனுக்கும் கடைசியில் போகலாம். காசை முதலில் எலாஸ்டிக்கில் போடுங்கள்.

ஸ்க்ரஞ்சிக்குக் கால் அங்குல எலாஸ்டிக் போதும். சடை மாதிரிப் பின்னிய வகை இழுத்தால் அகலம் குறுகும். ஊசி குத்தினால் உள்ளிருக்கும் ரப்பர் இழை அறுந்து பிடிப்புக் குறையும். வளையம் வளையமாகப் பின்னிய நிட்டட் வகை இழுத்தாலும் அகலம் மாறாது, ஊசியையும் தாங்கும். விலை கொஞ்சம் கூடுதலானாலும் நிட்டட்தான் வாங்க வேண்டியது, ஏனென்றால் முனைகளை இணைக்க எப்படியும் மேலே தைத்தாக வேண்டும். மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் கடையில் ஒரு சாண் பிடித்து இரண்டு மடங்கு இழுத்து விட்டுப் பாருங்கள். பழைய அளவுக்கே திரும்ப வேண்டும். இழுக்கும்போது சின்னதாகப் படபடவென்று முறியும் சத்தம் கேட்டால் அது நாள்பட்ட சரக்கு, ரப்பர் உலர்ந்துவிட்டது.

நம் வீடுகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு: தேங்காய் எண்ணெய். இயற்கை ரப்பர் எண்ணெயை உறிஞ்சி உப்பும், பிறகு தொய்ந்துவிடும். தினமும் எண்ணெய் வைக்கும் தலைக்கு ஸ்பான்டெக்ஸ் இழை கலந்த எலாஸ்டிக்கைக் கேட்டு வாங்குவது நல்லது. எண்ணெயை அது எவ்வளவோ மேலாகத் தாங்கும்.

துணிக்குப் பிளவுஸ் பிட் மிகப் பொருத்தம். 22 அங்குல நீளம், 3½ அங்குல அகலம் ஒரு துண்டு. 80 செ.மீ. பிட், அகலம் 44 அங்குலம் என்றால் வெட்டுச் சேதாரம் போக 16 துண்டு தேறும். பிளவுஸுக்கு எடுக்கும் டூ பை டூ ரூபியா துணி நன்றாகச் சுருங்கி நிற்கும், முடியிலிருந்து வழுக்காது. சாட்டின் முடியை உரசாது, ஆனால் மெல்லிய முடியில் நழுவும், ஓரமும் பிரியும். சிவப்பு, மெரூன், கருநீலப் பருத்தியாக இருந்தால் வெட்டும் முன் உப்புத் தண்ணீரில் அல்ல, வெறும் தண்ணீரில் அலசிச் சாயம் விடுகிறதா என்று பாருங்கள். விடும் துணி ஈரத் தலையில் பட்டால் சட்டைக் காலர் வரை கறை இறங்கும்.

தைப்பது எளிது. நல்ல பக்கம் உள்ளே வர நீளவாக்கில் மடித்து, கால் அங்குலம் விட்டுத் தைத்து, ஊக்கை ஒரு முனையில் குத்தி உள்ளே தள்ளித் திருப்பவும். எலாஸ்டிக் 7 அங்குலம். அடர்ந்த முடிக்கு 8, சிறுபிள்ளைக்கு 6. கோக்கும்போது எலாஸ்டிக்கின் பின்முனையைத் துணியோடு இன்னொரு ஊக்கால் குத்தி வைக்காவிட்டால் அது உள்ளே ஓடிவிடும். இரு முனைகளையும் அரை அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஜிக்ஜாக்கில் முன்னும் பின்னும் மூன்று முறை ஓட்டுங்கள். முடிச்சுப் போட வேண்டாம். அது தலையில் உறுத்தும், இழுக்க இழுக்க நழுவும். கடைசியாகத் துணியின் ஒரு முனையை அரை அங்குலம் உள்மடித்து, மற்றதை அதற்குள் செருகி மேல்தையல் போட்டால் முடிந்தது.

ரிப்பனில் சாட்டின் மட்டும் போதும் என்று நினைப்பவர்கள் அதிகம். ஒருபக்கம் மட்டும் பளபளக்கும் சாட்டினில் போ கட்டினால் மடிப்பின் உட்புறம் மங்கலாகத் தெரியும். இரண்டு பக்கமும் பளபளப்பானதைக் கேளுங்கள். போ விறைப்பாக நிற்க வேண்டுமென்றால் குறுக்கே வரி ஓடும் கிராஸ்கிரைன்தான் சரி. ஒரு அங்குல ரிப்பனில் 3 அங்குலப் போவுக்கு 7 அங்குலம் வெட்டி, முனைகளை ஒரு அங்குலம் மேற்படிய வளையமாக்கி, நடுவில் ஓட்டுத்தையல் போட்டு இழுத்து, அதே நூலால் நாலைந்து சுற்றுச் சுற்றி முடிச்சிடவும். நடுவை மறைக்கக் கால் அங்குல ரிப்பன் 3 அங்குலம். துணியில் போ செய்தால் பிளவுஸ் கழுத்துக்கு வைக்கும் ஒட்டும் கேன்வாஸை உள்ளே வைத்து இஸ்திரி போடுங்கள்.

ரிப்பன் முனையை மெழுகுவர்த்திச் சுடரின் அடியில், நீலமாக எரியும் இடத்துக்கு அருகே, ஒரு நொடி காட்டினால் உருகி அடைபடும். மஞ்சள் சுடரில் காட்டினால் கரி பிடிக்கும், வெள்ளை ரிப்பனில் அது போகாது. பாலியெஸ்டரும் நைலானும்தான் இப்படி உருகும். பருத்தி நாடா எரிந்து சாம்பலாகும்.

கிளிப்பில், வளைத்து அழுத்தினால் டக்கென்று மூடும் டிக்டாக் வகை சிறுபிள்ளைகளின் மெல்லிய முடிக்கு, முதலை வாய்க் கிளிப் கனமான போவுக்கு. திறந்து மூடி, ஸ்பிரிங் இறுக்கத்தைப் பாருங்கள். ஓரத்தில் விரலை ஓட்டிப் பிசிறு இருந்தால் ஒதுக்குங்கள். வெறும் உலோகத்தில் போவை ஒட்டுவதுதான் அதிகம் தோற்கும் வேலை. வழவழப்பான உலோகம் சூட்டை உடனே இழுத்துக்கொள்வதால், உருக்கி ஒட்டும் சூட்டுப் பசை பிடிப்பதற்குள் இறுகிவிடும். 1¾ அங்குலக் கிளிப்புக்கு ⅜ அங்குல ரிப்பனில் நாலு முதல் நாலரை அங்குலம் எடுத்து மேலும் கீழும் உறையிடுங்கள். அதன்மேல் போவை வைத்து, நடுக்கட்டு ரிப்பனைக் கிளிப்பின் மேற்தகட்டையும் சேர்த்துச் சுற்றி ஒட்டினால் பசை விட்டாலும் போ விழாது.

பசையில் சூட்டுப் பசைத் துப்பாக்கி வேகமானது. 7 மி.மீ. குச்சி போடும் சிறியதே இதற்குப் போதும். ஆனால் வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்ட கிளிப்பில் அந்தப் பசை இளகும். பட்டனையோ கல்லையோ உலோகத்தில் நேரடியாக ஒட்ட, குழாயில் வரும் பி-7000 வகைக் கைவினைப் பசைதான் நம்பிக்கையானது. ஒட்டும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, 24 முதல் 48 மணி நேரம் அசையாமல் விட வேண்டும். வாடை அடிக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். நொடியில் ஒட்டும் சயனோஅக்ரிலேட் பசை இதற்கு வேண்டவே வேண்டாம். காய்ந்தால் நொறுங்கும், சுற்றி வெள்ளையாகப் பூக்கும். பருத்தித் துணியில் நிறையச் சொட்டினால் தோல் பொசுங்கும் அளவுக்குச் சூடும் ஏறும்.

பட்டனை அதன் அளவு எண் பார்த்து வாங்கலாம்: 40 எண் என்றால் விட்டம் ஒரு அங்குலம், 24 எண் என்றால் சுமார் 15 மி.மீ. எலாஸ்டிக் வளையத்தில் கோக்கப் பின்னால் காது உள்ளது வேண்டும், கிளிப்பில் ஒட்டப் பின்புறம் தட்டையானது வேண்டும். துணி மூடிய பட்டனைப் பிளவுஸ் மிச்சத்திலேயே அடித்துத் தரும் கடைகள் உண்டு. புடவைக்கு ஏற்ற கிளிப்புக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை. உலோக ஜிப்பைச் சுருட்டிச் செய்யும் பூ அழகுதான், ஆனால் பல் முடியில் மாட்டும். அடியில் ஃபெல்ட் வட்டம் ஒட்டிப் பற்களை மேல்பக்கம் பார்க்க வைத்தால் மட்டும் செய்யலாம். மூன்று வயதுக்குக் கீழான பிள்ளைகளுக்கு பட்டன், மணி, கல் எதுவும் வைக்காதீர்கள். கழன்றால் வாயில் போட்டுக்கொள்வார்கள். அவர்களுக்கு ரிப்பன் போவோடு நிறுத்தி, ஒட்டுவதற்குப் பதில் தைத்தே கொடுங்கள்.