கார் கேரியர் ஓட்டப் போறீங்களா? பெரிய கம்பெனியா, சின்ன ஓனரா?

மணலி, மாதவரம் பக்கம் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டியவர்கள், புதுக் கார்களை அடுக்கி ஏற்றிப் போகும் கார் கேரியருக்கு மாறும்போது வரும் குழப்பம் இது.

பழகுவது: கன்டெய்னரை கிரேன் ஏற்றிவிடும். காரை நாம்தான் ரேம்ப்பில் ஓட்டி ஏற்றி, சக்கரத்துக்கு பெல்ட் போட வேண்டும். மேல்தட்டு தனி வித்தை. பெரிய இடத்தில் கற்றுத்தர ஆள் இருக்கும். ஓனரிடம், கூட வரும் டிரைவர் நல்லவராக அமைந்தால் உண்டு.

டேமேஜ்: இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். சின்னக் கீறல் என்றாலும் டீலர் டெலிவரி சீட்டில் எழுதிவிடுவார். அது யார் கணக்கு? கம்பெனியில் விதி இருக்கும், கறாராகவும் இருக்கும். ஓனரிடம் பேசிப் பார்க்கலாம், ஆனால் சரக்குக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். வாய்வார்த்தை போதாது.

பணம்: கம்பெனியில் சம்பளம், பேட்டா, பி.எஃப். ஓனரிடம் டிரிப் கணக்கு, கையில் காசு.

வீடு: கார் தொழிற்சாலை இருக்கும் ஒரகடத்தில் ஏற்றி வடநாடு போனால் திரும்ப நாளாகும். எண்ணூர் காமராஜர் துறைமுக ஏற்றுமதி லோடு என்றால் ராத்திரி வீட்டுச் சோறு, துறைமுக லாரி கியூ மனசு வைத்தால்.

புதிதாக மாறுபவர் கம்பெனியில் சேரட்டும். கை தேறியவர், தண்டையார்பேட்டையில் பிள்ளைகுட்டியோடு இருப்பவர், துறைமுக லோடு வைத்திருக்கும் ஓனரைத் தேடலாம்.