மெட்டை மெருகேற்றித் தருகிறோம் என்று வந்தவர்களிடம் ஏமாந்தேன்: வீட்டிலிருந்து இசையமைப்பவர்கள் கவனத்துக்கு

வேலை முடிந்து வந்து இரவில் ஒரு மணி நேரம் கீபோர்டு முன்னால் உட்காருவது எனக்குப் பல வருடப் பழக்கம். முறையாக இசை படிக்கவில்லை. காதால் கேட்டு, தப்புத் தப்பாக வாசித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொண்டது. மெட்டு தோன்றினால் முதலில் போனில் ஹம்மிங்காகப் பதிந்துகொள்வேன். அப்புறம் கீபோர்டில் பிடித்து, கணினியில் மிடியாக (ஒலியாக இல்லாமல், எந்த ஸ்வரம் எப்போது எவ்வளவு நேரம் என்ற குறிப்பாக) ஏற்றி, பேஸ், தாளம், ஸ்டிரிங்ஸ் என்று ஒவ்வொன்றாகச் சேர்ப்பேன். இதில் சம்பாதிக்கும் எண்ணம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. ஒரு மெட்டு முழுசாக அமைந்த இரவு வருகிற தூக்கம் போதும்.

என்னைப் போன்றவர்களைக் குறிவைத்தே சிலர் வலம் வருகிறார்கள். போன வருடம் நான் அதில் மாட்டிக்கொண்டேன். பணம் போனது ஒரு பக்கம். அதைவிட, என் மெட்டே கொஞ்ச காலம் என்னுடையதாக இல்லாமல் போனது. நடந்ததை முழுவதும் எழுதுகிறேன். நீளமாக இருந்தாலும் படித்துவிடுங்கள்.

அந்த மெட்டுக்கு நான்கு மாதம் ஆயிற்று. டி மைனர் (மேற்கத்திய முறையில் டி என்ற ஸ்வரத்தை ஆதாரமாகக் கொண்ட ஸ்வர வரிசை), 6/8 நடை. பல்லவியின் கடைசி வரி படிப்படியாக இறங்கி வந்து கீழ் டி-யில் அமரும். அந்த ஒரு முடிவுக்கு மட்டும் மூன்று வாரம் அலைந்தேன். மேல் டி-யில் முடித்தால் வரி பாதியில் நின்றது போல இருந்தது. ஓர் இரவு இடது கையால் கீழே இறக்கி வாசித்தேன், உடனே அடங்கிவிட்டது. அதன் மிடி வடிவத்தை இணையத்தில் பகிர்ந்தேன். பத்துப் பதினைந்து பேர் கேட்டிருப்பார்கள்.

இரண்டு நாளில் ஒரு செய்தி வந்தது. தாங்கள் ஓர் இசைத் தயாரிப்புக் குழு என்றார்கள். "இப்படி ஒரு மெட்டு கேட்டு ரொம்ப நாளாகிறது, இது கணினியிலேயே கிடந்து வீணாகக் கூடாது" என்று எழுதியிருந்தார்கள். கலைஞர் ஒருவர் நேரடியாக வாசிக்கும் தனி வயலின், தாளம், மிக்ஸிங் (எல்லா ஒலிகளையும் அளவாகக் கலப்பது), மாஸ்டரிங் (வெளியீட்டுக்கான இறுதி மெருகு), எல்லாத் தளங்களிலும் வெளியீடு, விளம்பரம் எல்லாம் சேர்த்து ஒரே தொகை. ஆடியோ இன்டர்பேஸும் கண்டென்சர் மைக்கும் வாங்க நான் சேர்த்து வைத்திருந்த பணம் கிட்டத்தட்ட அந்த அளவுதான் இருந்தது. அதை அனுப்பிவிட்டேன்.

மிடி கோப்பு, போனில் பதிந்த முதல் ஹம்மிங், கூடவே இரண்டு பக்கக் குறிப்பு என்று எல்லாவற்றையும் அனுப்பினேன். எந்த இடத்தில் மூச்சு விட வேண்டும், சரணத்தில் வயலின் எங்கே ஒதுங்கிப் பின்னால் போக வேண்டும், கடைசி வரியில் வேகம் எவ்வளவு குறையலாம் என்றெல்லாம் எழுதியிருந்தேன். "அருமை, எல்லாம் புரிந்தது" என்று பதில் வந்தது. ஒரு கேள்விகூட வரவில்லை. அப்போது அதை நான் திறமை என்று எடுத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், அந்த இடத்திலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும்.

ஒன்பதாம் நாள் பாடல் வந்தது. ஹெட்போனில் கேட்டபோது கண் கலங்கியது உண்மை. நான் தனியாக மனசுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது முதல்முறையாக வெளியே ஒலிக்கிறது. பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். அன்றே ஒரு ஒப்பந்தப் படிவமும் வந்தது. வெளியீட்டுக்கு வழக்கமான நடைமுறை என்றார்கள். கீழே வரை நகர்த்தி, சம்மதம் என்று அழுத்தினேன். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

ஒரு மாதம் கழித்து, வயலின் வாசிக்கும் நண்பர் ஒருவருக்கு அந்தப் பகுதியை ஸ்வரக் குறிப்பாக எழுதிக் கொடுத்தேன். வாசித்துப் பார்க்கட்டும் என்ற ஆசைதான். பார்த்துவிட்டு, "இந்தக் கடைசி டி-யை நான் எங்கே போய் வாசிப்பது? என் வயலினில் அது கிடையாதே" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். மேற்கத்திய முறையில் சுருதி சேர்த்த வயலினின் தந்திகள் ஜி, டி, ஏ, ஈ. மிகத் தாழ்ந்தது அந்த ஜி, 196 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே விரல் வைக்க இடமே இல்லை. நான் எழுதிய டி சுமார் 147 ஹெர்ட்ஸ், ஐந்து அரைச்சுரம் (கீபோர்டில் அடுத்தடுத்த கட்டைகளின் இடைவெளி) கீழே. தந்தியை அந்த அளவுக்குத் தளர்த்தினால் தொய்ந்துபோய் நாதமே வராது. கீபோர்டில் எழுதுகிற எனக்கு இது தெரியாது, அது என் குறை. ஆனால் மனிதர் ஒருவர் வயலினைக் கையில் எடுத்திருந்தால் முதல் ஐந்து நிமிடத்தில் எனக்குச் செய்தி வந்திருக்கும்: "இதை வாசிக்க முடியாது, என்ன செய்யலாம்?" எனக்கு வந்த பதிவிலோ அந்தக் கீழ் டி கணீரென்று ஒலித்தது.

நண்பரிடம் பதிவைப் போட்டுக் காட்டினேன். முகம் மாறிவிட்டது. வில் திரும்புகிற ஓசை எங்குமே இல்லை என்றார். ஒவ்வொரு நீண்ட ஸ்வரமும் ஒரே மாதிரி தொடங்குகிறது, விப்ராட்டோ (விரலை அசைத்து ஸ்வரத்தில் எழுப்பும் நடுக்கம்) ஒவ்வொரு முறையும் அதே கணத்தில் எழுகிறது, ஒரே அச்சில் வார்த்தது போல. நான் அனுப்பிய மிடியை அப்படியே ஏதோ ஒரு ஸ்டிரிங்ஸ் ஒலியில் ஓட்டியிருக்கிறார்கள். என் கணினியில் நானே செய்துகொள்ளக்கூடிய வேலை அது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சாம்பிள் வயலின், அதாவது முன்பே பதிந்து வைத்த வயலின் ஒலி, பயன்படுத்துவதில் எந்தத் தப்பும் இல்லை. நானும் தினமும் அதைத்தான் பயன்படுத்துகிறேன், என்னைப் போன்றவர்களுக்கு அது பெரிய கொடை. ஆனால் கலைஞர் வாசிப்பார் என்று சொல்லி, அவருக்கான ஊதியத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு அதைக் கொடுப்பது மோசடி.

கேட்டேன். "எங்கள் கலைஞர் வேறு சுருதியில் வாசிப்பவர்" என்றார்கள். அப்படியானால் வயலின், தாளம், பேஸ் எல்லாவற்றையும் தனித்தனி டிராக்காக அனுப்புங்கள் என்றேன். ஒரு வாரம் கழித்து, எல்லாம் கலந்த ஒரே ஸ்டீரியோ கோப்புதான் வந்தது. 44.1 கிலோஹெர்ட்ஸ், 24-பிட் வேவ் (ஒலியைச் சுருக்காமல் சேமிக்கும் கோப்பு வகை) என்று பெயர் போட்டிருந்தது. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் அதன் ஸ்பெக்ட்ரோகிராமை, அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படத்தை, திறந்து பார்த்தேன். 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பில் சுமார் 22 கிலோஹெர்ட்ஸ் வரை ஒலி இருக்க இடமுண்டு. இதிலோ 16-ஐ ஒட்டிக் கத்தியால் வெட்டியது போல நின்றுவிட்டது. மேலே முழுக்கக் கறுப்பு. தரம் குறைந்த, 128 கேபிபிஎஸ் மாதிரியான எம்.பி.3 கோப்பில்தான் பெரும்பாலும் அப்படி வெட்டு விழும். அதையே திரும்ப வேவாக மாற்றி, மாஸ்டர் (வெளியீட்டுக்கான இறுதிப் பதிவு) என்று அனுப்பியிருக்கிறார்கள். மாற்றினால் கோப்பின் அளவு பெருகும், இழந்த ஒலி திரும்பி வராது. யாராவது உங்களுக்கு மாஸ்டர் அனுப்பினால் இந்த ஒரு சோதனையை முதல் நாளே செய்துவிடுங்கள், இரண்டு நிமிட வேலை.

விளம்பரத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு வாரம் கேட்பு எண்ணிக்கை மடமடவென்று ஏறியது, அப்புறம் சட்டென்று பூஜ்யம். ஒருவரும் பாடலைச் சேமிக்கவில்லை, ஒரு கருத்தும் இல்லை. இயந்திரங்கள் கேட்டவை. இப்படிப் போலிக் கேட்பு கண்டுபிடிக்கப்பட்டால் தளங்கள் எண்ணிக்கையைக் கழிக்கும், பாடலையே நீக்கவும் செய்யும். பெயர் கெடுவது இசையமைத்தவருக்குத்தான். ஸ்பாட்டிஃபையில் புதிய பாடலை அவர்களுடைய பாடல் பட்டியல்களை (பிளேலிஸ்ட்) தொகுக்கும் ஆசிரியர்களின் பார்வைக்கு அனுப்ப நாமே விண்ணப்பிக்கலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கொடுத்துப் பட்டியலில் இடம் வாங்குவது அங்கே விதிமீறல். இதெல்லாம் தெரியாமல்தான் நான் காசு கொடுத்தேன்.

இனி அந்த ஒப்பந்தம். பாடலின் ஒலிப்பதிவை நான் எடுத்த சில காட்சிகளோடு சேர்த்து யூடியூபில் ஏற்றினேன். சில நிமிடங்களில், பாடல் வேறொருவருக்குச் சொந்தம் என்று உரிமைகோரல் வந்து நின்றது. உரிமையாளர் என்ற இடத்தில் எனக்குப் பழக்கமில்லாத ஒரு பெயர். அப்போதுதான் படிவத்தை எடுத்து வரி வரியாகப் படித்தேன். பாடல் மீதான எல்லா உரிமைகளையும் நிரந்தரமாக அவர்களுக்கு மாற்றித் தருவதாக நான் சம்மதித்திருந்தேன். காசும் கொடுத்து, மெட்டையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் உண்டு என்பதே பலருக்குத் தெரிவதில்லை. மெட்டுக்கும் வரிகளுக்கும் உள்ள உரிமை ஒன்று. குறிப்பிட்ட ஒரு ஒலிப்பதிவுக்கு உள்ள உரிமை இன்னொன்று. பெர்ன் ஒப்பந்தம் என்ற சர்வதேசப் பதிப்புரிமை உடன்பாட்டில் சேர்ந்த நாடுகளில், படைப்பு பிறந்ததுமே படைத்தவருக்குப் பதிப்புரிமை வந்துவிடும், எங்கும் பதிய வேண்டியதில்லை. நாமாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் போகும். வெளியீட்டுக்கு ஒருவருக்குத் தேவைப்படுவது அனுமதி. உரிமை மாற்றம் என்ற சொல் கண்ணில் பட்டால் அங்கேயே நில்லுங்கள். அனுமதியில் பொருள் உங்களுடையதாகவே இருக்கும், மாற்றத்தில் கைவிட்டுப் போகும்.

இதற்கெல்லாம் மேலாக என்னைக் குத்தியது வேறு. ஒருநாள் என் வீடியோவின் கீழே முன்பின் தெரியாத ஒருவர் கோபமாக எழுதியிருந்தார். அவரும் பொழுதுபோக்காக இசையமைப்பவர்தான். அவருடைய வீடியோ மேல் என் பாடலின் பெயரில் உரிமைகோரல் விழுந்திருக்கிறது. "நான் உங்கள் பாட்டைக் கேட்டதுகூட இல்லை, எதற்கு இப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தார். விசாரித்தால், என் பாடலின் தொடக்கத்தில் எட்டு பார் (தாளச் சுற்று) வெறும் தாளம் வரும். அந்தத் தாளம், யார் வேண்டுமானாலும் வாங்கிப் பயன்படுத்தக்கூடிய ஒரு லூப் (திரும்பத் திரும்ப ஓட்டத் தயாராக வரும் சிறு இசைத் துண்டு) தொகுப்பிலிருந்து எடுத்தது. அவரும் அதே லூப்பைப் போட்டிருக்கிறார். யூடியூபின் கன்டென்ட் ஐடியில் (சேர்த்த பாடலோடு பொருந்தும் வீடியோக்களைத் தானாகக் கண்டுபிடிக்கும் அமைப்பு) தனக்கு மட்டுமே உரிமை உள்ளதைத்தான் சேர்க்க வேண்டும், பொது லூப்புகளை உரிமை கோரப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. இவர்கள் முழுப் பாடலையும் அப்படியே சேர்த்துவிட்டார்கள். என் பெயர் போட்ட பாடல், என்னைப் போலவே இரவில் உட்கார்ந்து உழைக்கிற ஒருவரின் கையைப் பிடித்து இழுத்திருக்கிறது. அவரிடம் மன்னிப்புக் கேட்டு, நடந்ததையெல்லாம் எழுதினேன். லூப் எந்தத் தொகுப்பு என்ற விவரத்தைத் தேடிக் கொடுத்தேன். அவர் மறுப்புத் தெரிவித்தார், உரிமைகோரல் விலகியது. என்னை மன்னித்தாரா என்று தெரியவில்லை, நன்றி என்று மட்டும் எழுதினார்.

என் வீடியோவுக்கும் மறுப்புக் கொடுத்தேன். உரிமை கோரியவர் 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லவில்லை, விலகிவிட்டது. மெட்டை மீட்பதுதான் கஷ்டமாக இருந்தது. அதில் என்னைக் காப்பாற்றியது பழைய கோப்புகள். முதல் ஹம்மிங் பதிவு, மிடியின் ஒவ்வொரு வடிவமும் தேதியோடு, அவர்கள் "நேரடி வயலின்" என்று எழுத்தில் கொடுத்த வாக்குறுதி, அந்த ஸ்பெக்ட்ரோகிராம் படம். எல்லாவற்றையும் அடுக்கி, தெரிந்த வழக்கறிஞர் மூலம் கடிதம் போன பிறகு மெட்டின் உரிமையைத் திருப்பி எழுதிக் கொடுத்தார்கள். ஒலிப்பதிவைத் தரவில்லை, அது இன்னும் அவர்கள் பெயரில் தளங்களில் கிடக்கிறது. பணமும் வரவில்லை. ஆகவே கோப்புகளை மேலெழுதாதீர்கள். ஒவ்வொரு நாள் வேலையையும் புதுப் பெயரில் சேமித்து, ஒரு பிரதியை வேறு இடத்தில் வையுங்கள். வேலை கொடுக்குமுன் தனி டிராக்குகள் தருவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். வாசிக்கப் போகிறவரோடு ஒருமுறை நேரில் பேசவோ, அவர் வாசிப்பதைச் சிறிய வீடியோவாகப் பார்க்கவோ முடியுமா என்று கேளுங்கள். உண்மையாக வாசிப்பவர்கள் இதற்குக் கோபப்பட மாட்டார்கள்.

இப்போது அந்த மெட்டை நண்பரே வாசித்துத் தருகிறார். உட்கார்ந்த பத்து நிமிடத்தில் கேள்விகள் வந்துவிட்டன. இந்த வரியை ஒரே வில்லில் வேண்டுமா, இரண்டாகப் பிரிக்கலாமா? சரணத்தில் நான் பின்னால் போகிறேன் என்றால் முன்னால் யார் இருக்கிறார்கள்? கீழ் டி-யை என்ன செய்யலாம் என்பதற்கு ஒரு வழியும் அவரே சொன்னார். மொத்த மெட்டையும் ஜி மைனருக்கு ஏற்றினால், அந்தக் கடைசி ஸ்வரம் வயலினின் அடித் தந்தியில், விரல் வைக்காமல் அப்படியே ஒலிக்கும். "ஆனால் விரல் இல்லாததால் அங்கே விப்ராட்டோ வராது. வெறும் நாதமாக நிற்கும். உங்களுக்கு அது சம்மதமா?" என்று கேட்டார்.

வாசித்துக் காட்டச் சொன்னேன். மூன்று வாரம் நான் தேடிய அந்த அமைதி அதில் இருந்தது. சரி என்றேன்.